பங்குதாரரின் ஊர் வழியாக: இலங்கை விமானத் தடங்களின் அரசியல்

1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையில் 'சீதா தேவி' என்று பெயர் சூட்டப்பட்ட டகோட்டா விமானம் ஒன்று கிளம்பியது. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பலாலியில் இறங்கி, ஆள் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் பறந்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் தடம் இதுதான். இலங்கை சுதந்திரம் பெற இன்னும் எட்டு வாரம் இருந்தது. கொழும்பு, யாழ்ப்பாணம், மெட்ராஸ் என்ற மூன்று ஊருக்கும் இடையே வியாபாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் கல்லூரி மாணவரும் அன்றைக்கே போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் படகும் ரயிலும் சுமந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியை ஆகாயத்துக்கு ஏற்றியதுதான் ஏர் சிலோன் செய்தது. பயணி இருந்த இடத்துக்கு விமானம் போனது.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிறகு வந்த முக்கால் நூற்றாண்டில் இலங்கையின் அரசு விமான நிறுவனம் நீண்டதூரத் தடம் ஒன்றைத் திறந்தபோதும் மூடியபோதும், பயணிக்கு முன்னால் பங்குதாரரே நின்றார்.

1949-ல் ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் (ஏ.என்.ஏ.) என்ற தனியார் நிறுவனம் ஏர் சிலோனில் 49 விழுக்காடு பங்கு வாங்கியது. அதன் நான்கு எஞ்சின் ஸ்கைமாஸ்டர் விமானங்கள் ஏர் சிலோன் பெயர் தாங்கி, கொழும்பை நடுவில் வைத்து ஒரு பக்கம் லண்டனுக்கும் மறுபக்கம் சிட்னிக்கும் பறந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குப் போகும் பெருவழி அன்று குவாண்டாஸ் கையில் இருந்தது. அந்த வழியில் நுழைய அந்தத் தனியார் நிறுவனத்துக்குச் சொந்த நாட்டில் அனுமதி கிடைக்காது. சிலோனின் கொடியைப் பிடித்துக்கொண்டால் கிடைக்கும். அது விலகியதும் அந்தத் தடமும் நின்றது. 1956-ல் நெதர்லாந்தின் கே.எல்.எம். வந்தது, கூடவே ஆம்ஸ்டர்டாமும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் பிரான்சின் யூ.டி.ஏ. வந்தபோது டிசி-8 விமானமும் பாரிஸும் சேர்ந்து வந்தன. கூட்டாளி மாறியபோதெல்லாம் பயணச்சீட்டில் இருந்த ஐரோப்பிய ஊரும் மாறியது. இத்தனைக்கும் கொழும்புவாசிகளின் பயணத் தேவையில் அந்தக் காலத்தில் அப்படியொரு திருப்பம் எதுவும் நேரவில்லை.

இதைக் கூட்டாளியின் சூழ்ச்சி என்று சொல்லிவிடுவது எளிது. அதற்கும் கீழே சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையில் எதுவும் புரியாது. 1944-ல் சிகாகோவில் கூடிய நாடுகள், ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்தந்த நாட்டுக்கே முழு உரிமை என்று எழுதிக்கொண்டன. அதன்பின் ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டில் இறங்க வேண்டுமானால், இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டும்: வாரத்துக்கு எத்தனை முறை, எந்தெந்த ஊர், எத்தனை இருக்கை. அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: பறக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கு உடைமையும் உண்மையான கட்டுப்பாடும் அனுமதி பெற்ற நாட்டாரிடமே இருக்க வேண்டும். ஆகவே தடம் என்பது நிறுவனத்தின் சொத்து அல்ல. அது அரசின் சொத்து; நிறுவனம் அதைக் குத்தகைக்கு உழுகிறது.

வெளிநாட்டுக் கூட்டாளி 49 விழுக்காட்டைத் தாண்டாமல் நிற்பதன் காரணம் இதுதான். தாண்டினால் நிறுவனம் 'இலங்கை நிறுவனம்' என்ற தகுதியை இழக்கும், தடங்களும் கையைவிட்டுப் போகும். ஆனால் பணமும் விமானமும் அனுபவமும் கொண்டுவருகிறவர் சிறுபான்மைப் பங்குக்காரராக வாய் மூடி உட்காருவாரா? மாட்டார். ஆகவே பங்கை அரசிடம் விட்டுவிட்டு, நிர்வாகத்தைத் தனி ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்வார். காகிதத்தில் 51 விழுக்காடு அரசுடையது. காலை ஏழு மணிக்கு எந்த விமானம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற முடிவு மற்றவருடையது. விமானத் தொழிலில் உலகமெங்கும் இப்படி ஒரு இரட்டை வாழ்க்கை நடக்கிறது. இலங்கையில் அது வெடித்த விதம்தான் தனி.

ஏர் சிலோன் 1978-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஏர் லங்கா பிறந்தது. இந்த முறை கூட்டாளி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்; பங்கு வாங்காமல் நிர்வாக உதவியும் இரண்டு போயிங் 707-களும் மட்டும் கொடுத்தது. பிறகு புதிய நிறுவனம் பெரிய கனவு கண்டது, போயிங் 747-கள் வாங்கியது, கடனில் சிக்கியது, ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது, தலைவர் போனார். 1986-ல் கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் நின்ற ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். போர் நாட்டுக்கு யார் விமானம் ஏறி வருவார்கள்? 1990-களின் நடுவில் அரசுக்கு ஏர் லங்காவை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

சந்திரிகா குமாரதுங்க ஆட்சியில், 1998-ல், துபாயின் எமிரேட்ஸ் வந்தது. 40 விழுக்காடு பங்கு, 7 கோடி டாலர், பத்தாண்டு நிர்வாகம். பின்னாளில் அந்தப் பங்கு 43.63 விழுக்காடு ஆனது, அரசிடம் 51.05, மிச்சம் ஊழியரிடம். கட்டுநாயக்கவில் எந்த நாட்டு விமானம் இறங்கினாலும் அதன் தரைப்பணியும் உணவு வழங்கலும் பத்தாண்டுக்கு இந்த நிறுவனத்துக்கே என்ற ஏகபோகமும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. என் பார்வையில் அந்த ஒப்பந்தத்தின் கொழுத்த பகுதி இதுதான். விமானம் ஓட்டுவதில் நட்டம் வரலாம். ஊரில் இறங்கும் எல்லா விமானத்துக்கும் சோறு போடுவதில் நட்டம் வருவது கடினம். ஏர் லங்கா பெயர் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆனது. 1999 அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஆறு புதிய ஏர்பஸ் ஏ330-கள் வந்து சேர்ந்தன. எமிரேட்ஸும் அதே காலத்தில் அதே ரக விமானத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் சிக்கல். ஏ.என்.ஏ.வுக்கோ கே.எல்.எம்.முக்கோ கொழும்பு, நீண்ட வழியில் ஒரு நிறுத்தம். எமிரேட்ஸுக்குக் கொழும்பு ஒரு போட்டியாளரின் வீடு. இரண்டு நிறுவனங்களும் செய்த தொழில் ஒன்றே: கிழக்கிலிருந்து ஆளை அள்ளித் தன் ஊரில் இறக்கி, விமானம் மாற்றி, மேற்கே அனுப்புவது, மேற்கிலிருந்து வருகிறவரைக் கிழக்கே அனுப்புவது. ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைகள். ஒன்றின் முதலாளி மற்றதன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எமிரேட்ஸ் தன் சொந்த விமானங்களையும் கொழும்புக்கு ஓட்டியது. அங்கிருந்து மாலேவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றியது. ஸ்ரீலங்கனும் அதே ஊர்களுக்குப் பறந்தது.

எமிரேட்ஸ் வேண்டுமென்றே ஸ்ரீலங்கனை ஒடுக்கியது என்று கொழும்பில் அன்றும் இன்றும் பலர் சொல்வார்கள். அவ்வளவு எளிதாக அதை ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நிறுவனம் சுருங்கவில்லை, வளர்ந்தது. வளர்ந்த திசையைத்தான் பார்க்க வேண்டும். அது வளர்ந்தது இந்தியாவில், மாலத்தீவில், வளைகுடாவில். அதாவது பெரும்பாலும் எமிரேட்ஸின் நீண்டதூரத் தடங்களோடு மோதாத இடங்களில்.

இதற்குத் திருச்சியை விடச் சிறந்த சான்று கிடையாது. துபாயில் கட்டட வேலைக்கும் குவைத்தில் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஆண்டு முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். எமிரேட்ஸுக்குச் சென்னையில் இறங்க அனுமதி உண்டு, திருச்சியில் கிடையாது. இந்தியா அந்த அனுமதியைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தது. ஸ்ரீலங்கனுக்கோ திருச்சி முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். ஆக, திருச்சியில் ஏறுகிறவர் கொழும்பில் இறங்குவார். பையை மடியில் வைத்துக்கொண்டு சில மணி நேரம் காத்திருப்பார். பிறகு வளைகுடாவுக்குப் பறப்பார். தெற்கே போய் வடமேற்கே திரும்பும் இந்தக் கோணல் பயணத்துக்கு விமானச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: ஆறாவது சுதந்திரம். தன் நாட்டை இடையில் வைத்து இரண்டு அந்நிய நாடுகளுக்கு நடுவே ஆள் ஏற்றும் உரிமை அது. அதே விமானங்களில் எதிர்த்திசையில் குருவிகளும் வந்தார்கள். சாமான் கொண்டுவந்து கொடுத்துப் பயணச்செலவையும் கைக்காசையும் தேற்றிக்கொள்ளும் அந்தச் சிறு வியாபாரிகளுக்குத் திருச்சி–கொழும்பு விமானம் டவுன் பஸ் மாதிரி.

இந்தத் தடத்தில் எமிரேட்ஸுக்கும் ஸ்ரீலங்கனுக்கும் மோதல் இல்லை. திருச்சிப் பயணி ஸ்ரீலங்கன் வழியாகத் துபாய் வந்தால் எமிரேட்ஸுக்கு இழப்பு ஏதும் இல்லை, தன் பங்குக்கு லாபமும் உண்டு. பாரிஸ் பயணி கொழும்புக்கு நேராகப் போனால் துபாயில் ஓர் இருக்கை காலி. நிர்வாகி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இந்த இரண்டு பயணிகளில் யாருக்காக விமானம் வாங்கச் சொல்லுவார்? யாரும் யாரையும் ஏமாற்றத் தேவையில்லை. பங்குப் பத்திரமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

2001 ஜூலை 24 அதிகாலையில் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கினார்கள். விமானப்படைத் தளமும் பயணிகள் நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொண்டிருந்த இடம் அது. ஸ்ரீலங்கனின் விமானங்களில் பாதியளவு அழிந்தன அல்லது சேதமாயின. ஓராண்டுக்கு முன்புதான் வந்து இறங்கிய ஏ330-களும் அவற்றில் இருந்தன. போர் ஆபத்துக்கான காப்பீட்டுத் தொகை ஏறியது. விமானமே இல்லாத நிலையில் நீண்ட தடங்கள் வெட்டப்பட்டன; மீந்திருந்த சிறு விமானங்களை ஒரே நாளில் பல முறை ஓட்டக்கூடிய குறுந்தடங்கள் நிறுவனத்தைக் காப்பாற்றின. 2002 பெப்ரவரியில் போர் நிறுத்தம் வந்தபின் இந்திய ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சில ஆண்டுகளில், இந்தியாவுக்கு அதிக முறை பறக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் முன்வரிசையில் ஸ்ரீலங்கன் இருந்தது. நிர்வாகம் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2007-08 நிதியாண்டில் 400 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் லாபமும் வந்தது.

அந்த லாபக் கணக்கு முடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. 2007 டிசம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பிரித்தானியாவில் இருந்தார். டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் அவருடைய மகன் பயிற்சி முடித்து வெளியேறும் விழா. திரும்பும்போது லண்டன்–கொழும்பு விமானத்தில் அவருடைய பரிவாரத்துக்கு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பருவமோ கிறிஸ்துமஸ் நெருங்கும் பருவம், விமானம் நிரம்பியிருந்தது. ஏற்கெனவே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய 35 பயணிகளை இறக்கினால்தான் இடம் கிடைக்கும். நிர்வாகம் மறுத்தது. சில நாளில் தலைமை நிர்வாகி பீட்டர் ஹில் என்ற ஆங்கிலேயரின் வேலை அனுமதி ரத்தானது.

35 இருக்கைக்காக ஒரு பத்தாண்டுக் கூட்டு உடைந்தது என்றுதான் இந்தச் சம்பவம் பேசப்படுகிறது. அது உண்மையில் பாதி. ஒப்பந்தம் எப்படியும் 2008 மார்ச் 31-ல் முடியவிருந்தது. புதுப்பிப்பதா, எந்த நிபந்தனையில் என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தது. 7 கோடி டாலருக்கு இவ்வளவு உரிமைகளை விட்டுக்கொடுத்தது மலிவு என்ற எண்ணம் அரசுத் தரப்பில் இருந்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அன்றாட நிர்வாகத்தில் அரசு கை வைக்கப் பார்க்கிறது என்று எமிரேட்ஸ் சொன்னது. அதிலும் பொய் இல்லை. இருக்கைச் சண்டை வெளிப்படுத்தியது வேறொன்றை. 51 விழுக்காடு வைத்திருப்பவர் தன் வண்டியில் தனக்கு இடமில்லையா என்று கேட்டார். 43 விழுக்காடு வைத்திருப்பவர், இது வண்டி அல்ல, கம்பெனி என்றார். அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இருந்தது. அனுமதி முத்திரை குத்தும் அதிகாரம் மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே குடிவரவுத் திணைக்களத்தில் இருந்தது.

எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. பங்கு அதன் கையில் மேலும் இரண்டு ஆண்டு கிடந்து, 2010-ல் 5.3 கோடி டாலருக்கு அரசிடமே திரும்பியது. ஹில் ஓமான் ஏர் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்கப் போனார். ஸ்ரீலங்கனின் தலைவர் நாற்காலியில் ஜனாதிபதியின் மனைவியுடைய சகோதரர் நிஷாந்த விக்கிரமசிங்க அமர்ந்தார்.

இனி எதிர்த்துப் பேசும் பங்குதாரர் இல்லை. தடங்கள் எப்படிப் போயின?

முதலில் மிஹின் லங்கா. எமிரேட்ஸுடன் ஒப்பந்தம் உயிரோடு இருந்த 2007-லேயே அரசு தனியாக ஒரு மலிவுக் கட்டண நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. பெரும்பங்குக்காரரே தன் கம்பெனிக்கு எதிராகக் கடை போட்ட அபூர்வம் அது. 2008-ல் அது நின்றுபோனது, அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தது, நட்டத்திலேயே ஓடியது. மதுரைக்கு அதுவும் கொழும்பு விமானம் விட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் கோபிப்பார்கள். 2016-ல் மிஹினை மூடி அதன் தடங்களை ஸ்ரீலங்கனிடம் ஒப்படைத்தார்கள்; மதுரையும் அப்படிக் கைமாறிய ஊர்தான்.

அடுத்தது மத்தல. அம்பாந்தோட்டை ராஜபக்சக்களின் சொந்த மாவட்டம். அங்கே காட்டை வெட்டி 3,500 மீட்டர் ஓடுபாதை போட்டு, ஏ380 கூட இறங்கக்கூடிய பன்னாட்டு விமான நிலையம் ஒன்று 2013 மார்ச் 18 அன்று திறக்கப்பட்டது. செலவு 20.9 கோடி டாலர்; அதில் 19 கோடி சீனாவின் எக்சிம் வங்கிக் கடன். பெயர், மத்தல ராஜபக்ச பன்னாட்டு விமான நிலையம். நிலையம் வந்தாயிற்று, விமானம் வர வேண்டுமே. வெளிநாட்டு நிறுவனங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஸ்ரீலங்கனைக் கட்டாயப்படுத்தலாம்.

அதனால் கொழும்பிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் சில, கிளம்பி அரை மணியில் மத்தலயில் இறங்கி, பிறகு மீண்டும் ஏறிப் போயின. விமானத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும். ஒரு ஜெட் விமானம் அதிகம் எரிபொருள் குடிப்பது மேலே ஏறும்போது. அதன் சக்கரமும் உடலும் தேய்வதை எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். விமானியின் பணிநேரம் தரையில் நின்றாலும் ஓடும். பெரிய விமானத்தை இப்படி நடுவில் ஒருமுறை இறக்கி ஏற்றினால் மூன்றும் ஒன்றாகக் கூடும். இவ்வளவும் எதற்கு? ஏறவும் இறங்கவும் அங்கே ஆளே இல்லை. உலகின் மிக வெறிச்சோடிய பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் வாங்கிய இடம் அது. அதன் சரக்குக் கூடத்தில் பின்னாளில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்தார்கள். ஓடுபாதைப் பக்கம் வரும் காட்டு விலங்குகளை விரட்ட 2016-ல் நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் பட்டாசோடு இறக்கப்பட்டனர்.

2015 ஜனவரி 8 அன்று தேர்தலில் ராஜபக்ச தோற்றார். ஜனவரி 17 முதல் ஸ்ரீலங்கன் மத்தலயில் இறங்கவில்லை. இதனால் ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் மிச்சமாகும் என்று நிறுவனமே சொன்னது. பத்து நாளுக்குள் பயணிகள் மாறவில்லை, எண்ணெய் விலை மாறவில்லை; மாறியது ஆட்சி மட்டும். தடங்களின் அரசியலுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

வடக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. முதல் தடத்தில் இருந்த பலாலி, போரில் இராணுவத் தளமாகிப் பொதுமக்களின் பன்னாட்டுப் பயணத்துக்கு மூடிக் கிடந்தது. 2019 அக்டோபரில் அது யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரில் திறந்தபோது, சென்னையிலிருந்து வந்தது இந்தியாவின் அலையன்ஸ் ஏர். 2024 செப்டம்பரில் சேர்ந்தது இண்டிகோ. அதுவும் இந்திய நிறுவனம். ஓடுபாதை சிறியது, புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் விமானம்தான் இறங்கும், ஸ்ரீலங்கனிடம் அது கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். தொழில்நுட்ப ரீதியாக அது சரியும்கூட. ஆனால் ஆளில்லாத அம்பாந்தோட்டையில் 3,500 மீட்டர் போட்ட ஒரு நாடு, ஆளிருந்த இடத்தில் ஏன் போடவில்லை என்ற கேள்வி விமானத் தொழிலைச் சேர்ந்தது அல்ல.

மைத்திரிபால சிறிசேன–ரணில் விக்கிரமசிங்க ஆட்சி வந்ததும் கத்தி எதிர்ப்பக்கம் திரும்பியது. வழக்கறிஞர் ஜே.சி. வெலியமுன தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, விமானக் கொள்வனவு முதல் பணியமர்த்தல் வரை முறைகேடுகளை அடுக்கியது. 2013-ல் ஆறு ஏ330-களுக்கும் நான்கு ஏ350-களுக்கும் ஏர்பஸுடன் 230 கோடி டாலர் மதிப்பில் கையெழுத்தாகியிருந்தது. மேலும் ஏ350-கள் குத்தகைக்கும் பேசப்பட்டிருந்தன. புதிய அரசு குத்தகை ஏ350-கள் வேண்டாம் என்றது. ஒரு நாள்கூட ஓட்டாத அந்த விமானங்களுக்காகக் கட்டிய தண்டம் ஏறத்தாழ 10 கோடி டாலர். 1998-ல் எமிரேட்ஸ் கொடுத்த பங்குத் தொகையைவிட இது அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். பின்னர் 2020 ஜனவரியில், பல நாடுகளில் கையூட்டு கொடுத்த குற்றத்துக்காக ஏர்பஸ் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுக்கும் 360 கோடி யூரோ தண்டம் கட்ட இணங்கியது. அப்போது வெளியான பிரித்தானிய ஆவணத்தில் ஸ்ரீலங்கன் கொள்வனவும் இருந்தது: நிறுவன அதிகாரி ஒருவரின் உறவினர் பெயரில் இயங்கிய கம்பெனிக்கு 1.68 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி, 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது என்று. எந்த ஊருக்குப் பறப்பது என்பதைத் தரகுப் பணமும் தீர்மானிக்கும். பெரிய விமானம் வாங்கிவிட்டால் அதை ஓட்டப் பெரிய தடம் தேட வேண்டுமல்லவா.

2016 முடிவதற்குள் பிராங்க்ஃபர்ட்டும் பாரிஸும் வெட்டப்பட்டன. ஐரோப்பாவில் மிஞ்சியது லண்டன் மட்டும். நட்டத் தடம் என்பது காரணம். கணக்கும் அப்படித்தான் காட்டியிருக்கும். ஆனால் பாரிஸின் லா ஷப்பேல் தெருக்களில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழரும் ஜெர்மனியின் தொழில் நகரங்களில் குடியேறியவர்களும் ஊருக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர்கள் துபாயிலோ தோஹாவிலோ அபுதாபியிலோ விமானம் மாறினார்கள். கோடையிலும் பண்டிகையிலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும், குடும்பத்தோடு, முழுக் கட்டணத்தில் போகும் கூட்டம் அது. எமிரேட்ஸ் பத்தாண்டு பங்குதாரராக இருந்தபோது அந்தப் பயணியைக் கவர்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். எமிரேட்ஸ் வெளியேறி எட்டாண்டு கழித்து, ஒரு பங்குகூட இல்லாமல், வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தப் பயணி மொத்தமாகக் கிடைத்தார். 2017-ல் மெல்பர்ன் தடம் தொடங்கியது, 2021-ல் பாரிஸும் பிராங்க்ஃபர்ட்டும் திரும்பின. இடையில் போன பயணி எவ்வளவு திரும்பினார் என்பது வேறு விஷயம். ஒரு தடத்தை மூடுவது ஒரு சுற்றறிக்கையின் வேலை, மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவருவது பல ஆண்டு வேலை.

கூட்டாளி தேடும் படலமும் இடையிடையே நடந்தது. அமெரிக்காவின் டி.பி.ஜி. முதலீட்டு நிறுவனம் 2017-ல் கணக்கைப் பார்த்துவிட்டு நழுவியது. பங்கு ஏறத்தாழ முழுவதும் அரசிடம் இருந்தபோதும், உண்மையில் புதிய பங்குதாரர்கள் வந்துவிட்டிருந்தார்கள்: இலங்கை வங்கி, மக்கள் வங்கி, கடனுக்கு எண்ணெய் ஊற்றிய பெற்றோலியக் கூட்டுத்தாபனம், அரசு உத்தரவாதத்தோடு விற்கப்பட்ட 17.5 கோடி டாலர் கடன் பத்திரத்தை வாங்கியவர்கள். 2021 மார்ச் 31 வரை சேர்ந்த நட்டம் 37,200 கோடி இலங்கை ரூபாய் என்று 2022 மே மாதம் பிரதமராகப் பொறுப்பேற்ற ரணில் நாட்டுக்குச் சொன்னார். வாழ்நாளில் விமானம் ஏறாத ஏழையும் இதைச் சுமக்கிறான் என்பது அவருடைய வாதம்.

அந்தக் கோடையில் தடங்கள் இன்னொரு விதமாகவும் வளைந்தன. டாலர் இல்லை, நாட்டில் விமான எரிபொருள் இல்லை. நீண்டதூரம் போக வேண்டிய ஸ்ரீலங்கன் விமானங்கள் கொழும்பில் கிளம்பிச் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் எண்ணெய்க்காக மட்டும் இறங்கிவிட்டுப் போயின. மத்தலயில் இறங்கச் சொன்னவர் ஜனாதிபதி. சென்னையில் இறங்கச் சொன்னவர் கடன்காரர்.

2024 ஏப்ரலில், விற்பனைக்கு வைக்கப்பட்ட ஸ்ரீலங்கனை வாங்க ஆறு பேர் முன்வந்தார்கள். மலேசியாவின் ஏர்ஏசியாவோடு தொடர்புடைய ஆலோசனைக் கம்பெனி, கொழும்பின் ஹெய்லீஸ் குழுமம், உள்நாட்டு விமான நிறுவனமான ஃபிட்ஸ்ஏர், சென்னையைச் சேர்ந்த ஷெரிஷா டெக்னாலஜிஸ் ஆகியவை அவற்றில் சில. ஏர்ஏசியா கோலாலம்பூரை மையமாக வைத்து வளர்ந்த பெயர்; அது வந்திருந்தால் சில ஆண்டுகளில் தடப் படத்தில் எந்த ஊரை நோக்கிக் கோடுகள் தடித்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. விற்பனைக்கு வந்ததில் சொந்த விமானம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் குத்தகை விமானங்கள். விலை பெறக்கூடியவை தடங்களின் அனுமதி, தரைப்பணி, உணவு வழங்கும் துணை நிறுவனம். தடமோ அரசின் சொத்து, விற்க முடியாதது. ஆக வாங்குகிறவர் மீண்டும் 49 விழுக்காட்டுக்குள் நின்று, நிர்வாகத்தைத் தனித்தாளில் எழுதி வாங்கியிருப்பார்.

அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த அனுர குமார திசாநாயக்க அரசு விற்பனையைக் கைவிட்டது. நிறுவனம் தேசத்தின் கையிலேயே இருக்கும் என்றது. தேசத்தின் கையில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1998 ஒப்பந்தத்தைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், நிரம்பிய விமானத்திலிருந்து 35 பேரை இறக்க முடியாது என்று ஜனாதிபதி மாளிகைக்குப் பதில் அனுப்ப அதில் ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலியை வெளிநாட்டுக்காரரிடம் கொடுக்காமல், சட்டத்தில் எழுதி, உள்நாட்டு இயக்குநர் சபை ஒன்றிடம் கொடுக்கலாம். அமைச்சர் சொல்லும் ஊருக்கு விமானம் விட வேண்டுமானால் அந்த நட்டத்தை அமைச்சு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று ஒரு விதி போதும். விற்பனையைக் கைவிட்ட அறிவிப்போடு அப்படி ஒரு விதி வரவில்லை.